குறி பார்த்தவள் அவள் – விசை இழுத்தவன் அவன்!

நள்ளிரவு. லண்டன் மாநகர் மீது கும்மிருட்டு. தெருவிலே விளக்கில்லை, வீட்டிலே வெளிச்சமில்லை, சாளரம் ஒவ்வொன்றிலும் கறுப்புத் துணி. வானத்திலே மட்டும் ஓர் இரைச்சல். ஜெர்மன் குண்டு விமானம் வருகிறது!

கீழே, பூங்காவாக இருந்து பீரங்கித் திடலாக மாறிவிட்ட புல்வெளியிலே, இரும்புத் தொப்பி அணிந்த பெண்கள் ஓடி வந்து தத்தம் இடத்திலே நிற்கிறார்கள். ஒருத்தி உயரமானியிலே கண் வைத்து, விமானம் எத்தனை அடி உயரத்திலே வருகிறது என்று அளக்கிறாள். வேறு சிலர் கணிப்புக் கருவியைச் சூழ்ந்து நிற்கிறார்கள். விமானம் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் பயனில்லை. குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் அது பறந்து போயிருக்கும். ஆகவே, குண்டு போய்ச் சேரும் விநாடியிலே விமானம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கை நடுங்கினால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் ஒரு தெருவே தரைமட்டமாகும். அந்தக் கணக்கைப் போட்டவள் பெண். ரேடார் திரையைப் பார்த்துத் திசை சொன்னவளும் பெண்.

எல்லாம் முடிந்தது. “சுடு!” என்று ஆணை பிறக்கிறது. விசையை இழுப்பவர் யார்?

ஓர் ஆண்!

ஏன், அவளுக்குக் கை இல்லையா? வலுவில்லையா? கனமான குண்டைத் தூக்கிப் பீரங்கியிலே திணிக்க வலு வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். விசையை இழுக்க என்ன வலு? வலுவல்ல காரணம், தோழர்களே! அரச ஆணை. 1938-இலே தொடங்கப்பட்ட பெண்கள் துணைப்படையினர் போரிடாத பணியினர் என்பது விதி. பகைவனைக் கண்டுபிடிக்கலாம், அவன் தலைக்கு நேராகக் குறி வைத்துக் கொடுக்கலாம், குண்டு மட்டும் அவள் கையாலே புறப்படக் கூடாது! தாய்க்குலத்தின் கை கறைபடக் கூடாதாம். கணக்குப் போட்டுக் கொடுத்தபோது படாத கறை, விசையைத் தொட்டால் பட்டுவிடுமாம். எப்படி இருக்கிறது நியாயம்!

இந்த நியாயத்துக்கு ஒரு கூலிக் கணக்கும் உண்டு. அதே திடலிலே, அதே குளிரிலே, அதே தகரக் கொட்டகையிலே கிடந்த பெண்ணுக்கு, ஆணின் சம்பளத்திலே மூன்றில் இரண்டு பங்குதான். பகைவனின் குண்டு மட்டும் பாகுபாடு பார்க்கவில்லை. 1942 ஏப்ரலிலே, கணிப்புக் கருவியருகே நின்ற 18 வயதுப் பெண் ஒருத்தி குண்டுச் சிதறல் பட்டு இறந்தாள். அவள் விழுந்த இடத்திலே இன்னொருத்தி உடனே வந்து நின்று வேலையைத் தொடர்ந்தாள். முழு உயிர் கொடுத்தவளுக்கு முக்கால் சம்பளம்கூட இல்லை!

படையிலே மட்டும்தானா இந்தப் பாகுபாடு? வீட்டிலிருந்த குடிமக்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. விமானக் குண்டினால் கால் போனாலும் கை போனாலும் இழப்பீடு கொடுக்க, 1939-இலே போட்ட சட்டம். அதிலே பெண்ணுக்கு ஆணைவிட வாரத்துக்கு 7 ஷில்லிங் குறைவு. இவள் காலுக்கு ஒரு விலை, அவன் காலுக்கு ஒரு விலை! பாராளுமன்றத்திலே மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் போன்ற பெண் உறுப்பினர்கள், ஒருவர் சர்ச்சிலின் கட்சி, மற்றவர் தொழிற்கட்சி, கட்சிக் கோட்டைத் தாண்டிக் கைகோத்து நின்று போராடிய பிறகுதான், 1943 ஏப்ரலிலே இருவர் காலுக்கும் ஒரே விலை என்றானது.

சீமைக் கதையை ஏன் நமக்குச் சொல்கிறாய் என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். போர் வந்தது, பெண்ணுக்கு விடுதலை வந்தது என்று எழுதிவிட்டுப் போகும் ஏடுகள் பல. போர் கதவைத் திறந்தது, மறுக்கவில்லை. ஆனால், திறந்த கதவின் வழியே பெண் உள்ளே வந்தபோது அவள் கையிலே கொடுக்கப்பட்டது அரைக் கூலிச் சீட்டு. அந்த அரைக் கூலிச் சீட்டு, பக்கத்திலே நின்ற ஆண் தொழிலாளியின் கழுத்துக்குக் கத்தியாக எப்படி மாறியது, அதை அவன் எப்போது கண்டுகொண்டான், கண்டுகொண்டபோது என்ன செய்தான் — இதுதான் நான் சொல்ல வந்த சேதி.

கதை முதல் உலகப் போரிலே தொடங்குகிறது. 1914-க்கு முன்பு, வாக்குரிமை கேட்ட பெண்களைச் சிறையிலே தள்ளி, உண்ணாநோன்பு இருந்தவர்களின் தொண்டையிலே குழாயைச் செருகிக் கஞ்சி ஊற்றிய அரசாங்கம் பிரிட்டிஷ் அரசாங்கம். போர் மூண்டது. ஆண்கள் படைக்குப் போனார்கள். முன்னணியிலே பீரங்கி இருக்கிறது, குண்டு இல்லை! அப்போது லாயிட் ஜார்ஜ் பெண்கள் பக்கம் திரும்பினார். 1915 ஜூலையிலே லண்டன் வீதியிலே, “எங்களுக்கும் பணியாற்ற உரிமை வேண்டும்” என்று பெண்கள் ஊர்வலம் வந்தார்கள். ஊர்வலத்தை நடத்தியவர் எமலின் பாங்கர்ஸ்ட் அம்மையார். செலவுக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். நேற்று விலங்கு பூட்டிய கை, இன்று வழிச்செலவு கொடுக்கிறது! அவசரம் வந்தால் ஆள்வோருக்கு எத்தனை விரைவிலே ஞானம் பிறக்கிறது பாருங்கள்.

ஆலையிலே இருந்த ஆண் தொழிலாளி இதை எப்படிப் பார்த்தான்? அவனுக்கு அச்சம். அந்த அச்சத்தை எள்ளி நகையாட நான் ஒப்பமாட்டேன். ஏழாண்டு எடுபிடியாக இருந்து தொழில் கற்றவன். சங்கம் வைத்துப் பட்டினி கிடந்து கூலியை உயர்த்தியவன். நாலு வாரம் பயின்ற ஒருவரைக் கொண்டு வந்து, பாதிக் கூலிக்கு அவன் இயந்திரத்தின் முன்னே நிறுத்தினால் அவன் கதி என்ன? முதலாளிகளே அந்த ஏற்பாட்டுக்கு ‘நீர் கலத்தல்’ என்ற பொருள்பட ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பாலிலே தண்ணீர் ஊற்றுவதுபோல! ஆகவே 1915 மார்ச்சிலே கருவூலத்திலே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. போர்க்காலத்துக்கு மட்டும் தேர்ச்சியில்லாதவரும் பெண்களும் வருவார்கள்; போர் முடிந்ததும் பழைய முறையே திரும்பும் என்று அரசாங்கம் வாக்களித்தது. அவள் உள்ளே நுழையும்போதே, வெளியே அனுப்பும் நாளும் எழுதப்பட்டுவிட்டது.

உள்ளே நுழைந்தவள் என்ன பாடுபட்டாள்? வெடிமருந்து நிரப்பும் கூடத்திலே, டி.என்.டி. என்னும் மருந்துத் தூள் காற்றிலே பறக்கும். அது தோலிலே ஊறி, முகம் மஞ்சளாகும், கை மஞ்சளாகும், தலைமயிர்கூட நிறம் மாறும். மஞ்சள் குருவிகள் என்று ஊரார் பெயரிட்டார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மஞ்சள் கல்லீரலைத் தின்ற நஞ்சின் நிறம். அதிலே மாண்டவர்களும் உண்டு.

1916 டிசம்பர் 5. லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ தொழிற்சாலை. இரவு 10 மணி வேலை முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. 42-ஆம் எண் கூடத்திலே ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் பிணமானார்கள். சில மணி நேரத்திலே, இரத்தம் கழுவப்பட்ட அதே கூடத்திலே மறுபடி வேலை நடந்தது; மற்றப் பெண்கள் தாமே முன்வந்து நின்றார்கள். முன்னணியிலே மாண்ட வீரனின் பெயர் ஏட்டிலே வரும். இந்த 35 பேரின் கதை வரவில்லை. தணிக்கை! போர் முடிந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது.

இந்த நிலையிலே ஒரு பெண் எழுந்து சங்கத்தாரிடம் பேசினார். அவர் பெயர் மேரி மக்கார்தர். கிளாஸ்கோ நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகள். 1906-இலே பெண் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டவர். 1910-இலே கிராட்லி ஹீத் என்னும் ஊரிலே, வீட்டு முற்றத்துப் பட்டறைகளிலே சம்மட்டி பிடித்துச் சங்கிலி அடித்த பெண்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தி வெற்றி கண்டவர். அவர் வாதம் நேரானது. பெண்ணைப் பார்த்து அஞ்சாதே. அவளுக்குக் கொடுக்கப்படும் குறைந்த கூலியைப் பார்த்து அஞ்சு. அவளுக்கும் முழுக் கூலி கொடு என்று கேட்டால், உன்னைத் தள்ளிவிட்டு அவளை வைக்க முதலாளிக்கு என்ன ஆதாயம்? அவள் கூலியைத் தாழ்த்தி வைத்தால், நாளைக்கு உன்னையும் அந்தத் தாழ்ந்த கூலிக்கு இறங்கி வா என்பான்.

எத்தனை ஆண்களின் காதிலே இது ஏறியது? சிலர் காதிலே. பலர் காதிலே ஏறவில்லை.

பெண்கள் காதிலே ஏறியது. 1918 ஆகஸ்டிலே லண்டன் பஸ், டிராம் வண்டிகளிலே சீட்டுக் கொடுத்த பெண்கள் செய்ததைக் கேளுங்கள். ஆண்களுக்கு வாரம் 5 ஷில்லிங் போர்ப்படி உயர்த்திக் கொடுத்தார்கள். பெண்களுக்கு இல்லை என்றார்கள். வில்ஸ்டன் பணிமனைப் பெண்கள் வண்டியை எடுக்க மறுத்தார்கள். மேலே உத்தரவு இல்லை, முன்னறிவிப்பு இல்லை. ஒரு பணிமனை இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று; லண்டனைத் தாண்டிப் பிரிஸ்டல், பாத், பர்மிங்காம் வரை பரவிற்று. ஒரே வேலை, ஒரே காசு! இதுதான் முழக்கம். சிறு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கையிலே சோற்றுப் பொட்டலத்துடன் பெண்கள் கூட்டத்துக்கு வந்து அமர்ந்தார்கள். ஆண் ஓட்டுநர்களும் சில இடங்களிலே உடன் நின்றார்கள். போர்ப்படி கிடைத்தது.

மூன்று மாதத்திலே போர் முடிந்தது. முடிந்ததுமே என்ன நடந்தது? “நாட்டைக் காத்த வீராங்கனை” என்று நேற்று எழுதிய அதே ஏடு, “இன்னும் ஏன் ஆண் வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று எழுதியது. 1919-இலே பழைய தொழில்முறைகளை மீட்கும் சட்டம் வந்தது. குண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் இலட்சக்கணக்கிலே வெளியேற்றப்பட்டார்கள். எங்கே போவது? பணக்காரர் வீட்டுப் பாத்திரம் கழுவப் போ என்றது வேலைவாய்ப்பு நிலையம். போக மறுத்தால் உதவித்தொகை நிறுத்தப்படும்! கடைசல் பிடித்த கையிலே கரித்துணியைக் கொடுத்தார்கள்.

வாக்குரிமை கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது, 1918-இலே. யாருக்கு? 30 வயதைத் தாண்டி, வீடு வாசல் தகுதி உள்ளவளுக்கு. குண்டு நிரப்பி மஞ்சளான பெண்களிலே பெரும்பாலோர் இருபது வயதுக் குமரிகள். ஆகவே, அவர்களுக்கு இல்லை! 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்குச் சீட்டு வர 1928 ஆகிவிட்டது.

இருபதே ஆண்டு. மறுபடி போர். மறுபடி பழைய பாட்டு. இம்முறை அழைத்துப் பார்க்கவில்லை, இழுத்துக்கொண்டார்கள். தொழிலமைச்சர் எர்னஸ்ட் பெவின் — தாமே வண்டியோட்டியாக இருந்து, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர் — 1941 மார்ச்சிலே பெண்கள் பெயரைப் பதிவு செய்யச் சொன்னார். டிசம்பரிலே சட்டமே வந்தது. 20 முதல் 30 வயது வரை உள்ள மணமாகாத பெண்களும் பிள்ளையில்லாக் கைம்பெண்களும், படையிலோ, குடிமக்கள் பாதுகாப்பிலோ, தொழிற்சாலையிலோ கட்டாயமாகச் சேர வேண்டும். 1943 நடுவிலே கணக்கெடுத்தால், வேலை செய்யும் வயதுள்ள மணமாகாத பெண்களிலே நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர், மணமானவர்களிலே 80 பேர் ஏதோ ஒரு போர்ப்பணியிலே இருந்தார்கள். அடுப்பங்கரைதான் பெண்ணுக்கு அழகு என்று பேசிய அவ்வளவு பேரும் அப்போது எங்கே போயிருந்தார்களோ!

இந்த முறை கூலி? ஒப்பந்தம் எழுதினார்கள், 1940 மே மாதத்திலே, பொறியியல் தொழிலாளர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையே. படித்தால் நல்ல ஒப்பந்தம்தான். ஆண் செய்த வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதலிலே பெண் கூலி. பிறகு படிப்படியாக உயர்வு. 32 வாரம் ஆனதும் ஆணின் முழுக் கூலி. ஆனால், கடைசியிலே ஒரு வால்: “கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல் செய்தால்” மட்டும்!

தோழர்களே, அந்த வாலிலே தொங்கியது முதலாளியின் தந்திரம் அத்தனையும். லேத்திலே கருவியைப் பொருத்திக் கொடுக்க ஓர் ஆள் ஒரு முறை வந்தானா? அது உதவி; கூலி இல்லை. மேஸ்திரி அந்தப் பக்கம் நடந்து வந்து எட்டிப் பார்த்தானா? அது மேற்பார்வை, கூலி இல்லை. கனமான வார்ப்பைத் தூக்கி வைக்க ஒருவன் கை கொடுத்தானா? போயிற்று! இதே உதவி ஆண் தொழிலாளிக்கும் கிடைத்தது. அவன் கூலியிலே யாரும் கை வைக்கவில்லை. இன்னொரு வித்தையும் உண்டு. வேலையை நாலாகப் பிரி. நாலு பெண்ணிடம் கொடு. இது ஆண் வேலையே அல்ல, பெண் வேலை என்று புதுப் பெயர் எழுது. அவ்வளவுதான்! வேலையின் பெயரை மாற்றினால் கூலியும் மாறிவிடும்.

சங்கம் என்ன செய்தது? அந்தச் சங்கம் 1851-இலே வேர் விட்டது. பெண்ணை உறுப்பினராகச் சேர்க்கக் கதவைத் திறந்தது 1943 ஜனவரி முதல் நாளிலே. 90 ஆண்டுக்கு மேல் சாத்தியே கிடந்த கதவு! அதைக் குறை கூறத்தான் வேண்டும், கூறுகிறேன். வெளியே நிறுத்தப்பட்டவளை வைத்துத்தான் முதலாளி உள்ளே இருந்தவனை மிரட்டினான்.

கதவு திறந்த அதே ஆண்டிலே ஒன்று நடந்தது. அதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டன். ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலை. விமானங்களுக்கு மெர்லின் என்ஜின் செய்யும் இடம். ஆயிரமாயிரம் பெண்கள் அங்கே. பலர் இதற்கு முன்பு தொழிற்சாலை வாசலை மிதித்தறியாதவர்கள். ஆண் நின்ற இயந்திரத்திலே நின்றார்கள், ஆண் செய்த துண்டையே செய்தார்கள், கூலி மட்டும் பெண் கூலி. முறையிட்டார்கள். விசாரணை மன்றம் அமைந்தது. முறையீட்டிலே நியாயம் உண்டு என்று சொல்லிற்று. பிறகு நிர்வாகம் பட்டியல் போட்டது. போட்ட பட்டியலிலே பெரும்பாலான பெண்கள் போய் விழுந்தது அடிமட்டக் கூலியிலே!

1943 அக்டோபர் கடைசி. இயந்திரங்கள் நின்றன. போர் நடக்கிறது, வேலைநிறுத்தம் சட்டப்படி தடை. முன்னணியிலே மகனும் கணவனும் நிற்கும்போது விமான என்ஜினை நிறுத்துகிறாளே, நாட்டுப்பற்று இல்லையா என்ற ஏச்சு எழுந்தது. கணவன் போர் முனையிலே, பிள்ளை அண்டை வீட்டிலே, இவள் 12 மணி நேரம் இயந்திரத்தருகே. இவளைப் பார்த்து நாட்டுப்பற்றைக் கேட்டார்கள்! வெளியே வந்தவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். அதிலே ஆண்களும் இருந்தார்கள் என்பதுதான் முதன்மையான செய்தி. பெண் கூலிக்காக ஆண் தொழிலாளி வேலையை விட்டு வெளியே வந்து நின்றான். ஏன் வந்தான்? இரக்கத்தினாலா? இருக்கலாம். போர் முடிந்து, பட்டாளத்திலிருந்து திரும்பிவரும் தம்பிக்கு அந்த இயந்திரத்திலே என்ன கூலி கிடைக்கும் என்ற கணக்கினாலும்தான். பெண்ணின் அரைக் கூலியே அந்த இயந்திரத்தின் கூலியாக நிலைத்துவிட்டால், திரும்பி வருபவனுக்கும் அதுதானே?

முடிவு என்ன தெரியுமா? தொழிற்சாலையிலே இருக்கும் இயந்திரம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதினார்கள். இந்த இயந்திரத்துக்கு இந்தக் கூலி; நிற்பவர் சேலை கட்டினாலும் சரி, சட்டை போட்டாலும் சரி என்று நம் வழக்கிலே சொல்லலாம். ‘ஆண் வேலை, பெண் வேலை’ என்ற பேச்சுப் பட்டியலிலிருந்து நீங்கியது. மேரி மக்கார்தர் 1921-லேயே மறைந்துவிட்டார்; அவர் வாதம் ஹில்லிங்டன் இயந்திரப் பட்டியலிலே எழுத்தாக ஏறியது.

வானத்திலும் ஒரு சிறு வெற்றி உண்டு. தொழிற்சாலையிலிருந்து விமானத்தை ஓட்டிப் படைத்தளத்திலே சேர்க்கும் துணைப்படை ஒன்று இருந்தது. 1940 ஜனவரியிலே அதிலே சேர்ந்த பெண்கள் 8 பேர். பெண்ணாவது, விமானமாவது என்று விமான ஏட்டின் ஆசிரியர் ஒருவரே கேலி எழுதினார். போர் முடிவதற்குள் அந்தப் பெண்கள் நூற்றறுபதைத் தாண்டினார்கள். சுழல் விசிறி ஒன்று கொண்ட ஸ்பிட்பயர் முதல் நான்கு என்ஜின் குண்டு விமானம் வரை ஓட்டினார்கள். பாதுகாப்புக்குப் பீரங்கி இல்லை. பேச வானொலி இல்லை. 15 பெண்கள் உயிரிழந்தார்கள். ஆஸ்திரேலியா வரை தனியாகப் பறந்து உலகப் புகழ் பெற்ற ஆமி ஜான்சன் 1941-இலே தேம்ஸ் கழிமுகத்திலே விழுந்து மறைந்ததும் அந்தப் பணியிலேதான். தொடக்கத்திலே ஆணைவிட நூற்றுக்கு 20 குறைத்துக் கொடுத்தவர்கள், 1943-இலே சமச் சம்பளம் கொடுத்தார்கள். தலைவி பாலின் கவர் விடாது வாதாடியதன் பயன்.

இதைக் கண்டு ஆசிரியைகள் கேட்டார்கள்: எங்களுக்கு? 1944 மார்ச் 28. பாராளுமன்றத்திலே கல்வி மசோதா. சர்ச்சிலின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த தெல்மா கசலே-கெயிர் அம்மையார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஆசிரியர், ஆசிரியை இருவருக்கும் ஒரே சம்பளம். வாக்கெடுத்தார்கள். ஆதரவு 117, எதிர்ப்பு 116. ஒரே ஒரு வாக்கிலே அரசாங்கம் தோற்றது! போர் முழுவதிலும் அந்த அரசாங்கம் அதுவரை காணாத தோல்வி.

ஹிட்லருக்கு அஞ்சாத சர்ச்சில், ஆசிரியையின் சம்பளச் சீட்டைக் கண்டு அதிர்ந்தார். அந்த முடிவை மாற்றுங்கள். இல்லையேல் என் மீது நம்பிக்கையில்லை என்று பொருள் என்று மிரட்டினார். போர் நடுவிலே பிரதமரை இழக்க எவர் துணிவார்? 30-ஆம் நாள் மறு வாக்கெடுப்பு: 425-க்கு 23. திருத்தம் போயிற்று. சர்ச்சிலின் கடைக்குட்டி மகள் மேரி அந்த நாட்களிலே எங்கே இருந்தாள் தெரியுமா? விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையிலே, மூன்றில் இரண்டு பங்கு சம்பளக் கணக்கிலே!

அவர்கள் ஏகாதிபத்தியத்தின் மறுகோடியிலே, அதே 1943-இலே, நம்மவர் சம்பந்தப்பட்ட இரண்டு செய்திகள் நடந்தன. ஒன்று, இந்திய நிலக்கரிச் சுரங்கத்திலே. நிலத்தடியிலே பெண்கள் இறங்கக் கூடாது என்று 1937-க்குள் வந்திருந்த தடையை, கரி போதவில்லை என்று போர்க்காலத்திலே தளர்த்தினார்கள். 1946-இலே மறுபடி தடை. தடை தளர்ந்தபோது தொழில் உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். சட்டசபையிலே எழுந்த கண்டனத்துக்கு விடையளித்தபோது, சுரங்கத்துக்குள் போகும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி என்ற கொள்கை ஏற்கப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். இருண்ட சுரங்கத்திலே பெண்ணை இறக்கியது நல்லதென்று நான் சொல்லமாட்டேன். இறக்கியபோதும் கூலியை மறவாதவர் அவர் என்பதைச் சொல்கிறேன்.

மற்றொன்று சிங்கப்பூரிலே. 1943 அக்டோபரிலே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தலைவி, சென்னையிலே மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன். அணியிலே நின்றவர்களிலே பெரும் பகுதியினர் மலேயா ரப்பர் தோட்டங்களிலே பால் மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். கங்காணியின் அதட்டலுக்குத் தலை குனிந்தவர்கள், துப்பாக்கி ஏந்தித் தலை நிமிர்ந்து நின்றார்கள். சுடப் பயிற்சி பெற்றார்கள். அரச ஆணைப்படி இலண்டன் பெண் விசையைத் தொடக் கூடாதிருந்த அதே ஆண்டிலே, தோட்டக் கூலிப் பெண்ணின் விரல் விசையிலே! பர்மா வரை சென்றார்கள். முன்னணிப் போருக்கு அனுப்பப்படுமுன் பின்வாங்கல் வந்துவிட்டது. அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது கூலியிலே யாரும் வீரத்துக்கென்று ஒரு காசு சேர்த்துக் கொடுக்கவில்லை.

1945. மீண்டும் சமாதானம், மீண்டும் பழைய கதை. போர்க்காலத்திலே தாய்மார் வேலைக்கு வர வேண்டுமென்று ஏறக்குறைய 1,500 குழந்தைக் காப்பகங்கள் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் மைய அரசு பணத்தைக் குறைத்தது; ஒவ்வொன்றாக மூடின. சட்டம் போட்டு வெளியே தள்ளவில்லை; தொட்டிலை எடுத்துவிட்டார்கள், போதாதா? சமக் கூலியை ஆராய அமைத்த அரச ஆணையம் 1946-இலே அறிக்கை தந்தது. தொழிற்சாலையிலே சமக் கூலி கொடுக்கலாம் என்று சொல்லப் பெரும்பான்மையோருக்கு மனம் வரவில்லை. தையல் தொழிலாளர் சங்கத்து ஆன் லாஃப்லின் உள்ளிட்ட பெண் உறுப்பினர் மூவர் மறுப்பெழுதினார்கள்: பெண் கூலி குறைவாக இருப்பது அவள் திறமை குறைந்ததால் அல்ல, அவளுக்குச் சங்க வலிமை இல்லாததால் என்று. அரசு அலுவலகத்திலே சமச் சம்பளம் 1955-இலே தொடங்கித் தவணை தவணையாக 1961-இலே முழுமை பெற்றது. பீரங்கி விசை? பிரிட்டிஷ் படையிலே போரிடும் பிரிவுகள் யாவும் பெண்ணுக்குத் திறந்தது 2018-இலே!

தொழிற்சாலைப் பெண் காத்திருந்தாள். 1968 ஜூன் 7. டாகனம் என்ற இடத்திலே போர்டு கார் தொழிற்சாலை. கார் இருக்கைக்கு உறை தைத்த 187 பெண்கள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களைத் தேர்ச்சியில்லாதவர் பட்டியலிலே வைத்து, அந்தப் பட்டியல் ஆணின் கூலியிலும் நூற்றுக்கு 85 கொடுத்து வந்தது கம்பெனி. இருக்கை இல்லாமல் கார் ஓடுமா? தொழிற்சாலையே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் அம்மையார் அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். 85 என்பது 92 ஆயிற்று. 1970-இலே சமக் கூலிச் சட்டம் நிறைவேறியது. முதலாளிகள் தயாராக வேண்டுமென்று ஐந்தாண்டுக்கு மேல் தவணை கொடுத்து, 1975 டிசம்பர் 29-இலே நடைமுறைக்கு வந்தது.

ஆனால், அந்தப் பெண்கள் முதலிலே கேட்டது சதவீதத்தை அல்ல. எங்கள் தையல் தேர்ச்சி பெற்ற தொழில். அதைப் பட்டியலிலே அப்படி எழுது என்றுதான் கேட்டார்கள். அதற்கு மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது. கம்பெனிப் பட்டியலிலே அவர்கள் வேலைக்கு நேரே அந்தத் தகுதி எழுதப்பட்டது 1984-இலே.